நம்பப்பட்ட வலி

என் கணவரின் தங்கை எங்கள் வீட்டில் தங்க வந்த அன்று, அவள் வந்த கார் தெருவுக்குள் திரும்பும்போதே எனக்கு அவள்மேல் பொறாமை வந்துவிட்டது. அவளுக்குப் புற்றுநோய். கர்ப்பப்பையில் தொடங்கி இடுப்பெலும்பு வரை போயிருந்தது. மதுரையில் பார்த்த டாக்டர்கள், இனி வலி இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவள் கணவர் ராணுவத்தில், வடக்கே எங்கோ இருந்தார். ராயகிரியில் மாமனார் வீட்டில் வயலையும் மாட்டையும் விட்டுவிட்டு இவளைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடையாது. அதனால் தென்காசியில் எங்களோடு வைத்துக்கொள்வது என்று முடிவானது. அவளுடைய அம்மா, என் மாமியார், எங்களோடுதானே இருக்கிறாள்.

அவளைக் காரிலிருந்து இரண்டு பேர் தாங்கி இறக்கினார்கள். என் மாமியார் ஓடிப்போய் அவள் கன்னத்தைப் பிடித்து, "ரொம்ப வலிக்குதாட்டி?" என்று கேட்டாள். அவள் வெறுமனே தலையை அசைத்தாள். எதிர்வீட்டுக்காரி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். என் கணவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒரு தலையசைப்பு போதுமாக இருந்தது. தெருவே அவள் வலியை நம்பியது.

என் வலியைப் பற்றி அந்த வீட்டில் யாரும் அப்படிக் கேட்டதில்லை. அப்போது அது எனக்கு வந்து மூன்று வருடமாகியிருந்தது.

கொரோனா ஓய்ந்த மறு வருடம் எனக்கு அக்கி வந்தது. வலது மார்புக்குக் கீழே தொடங்கி விலாவைச் சுற்றி முதுகுத்தண்டு வரை, பாதி உடம்புக்குப் பட்டை கட்டிவிட்டதுபோலக் கொப்புளங்கள். அத்தை, என் மாமியார்தான், என்னை ஆட்டோவில் ஏற்றி, அக்கிக்கு எழுதும், பானை வனையும் வேளார் ஒருவரிடம் கூட்டிப்போனாள். அவர் காவியைக் குழைத்து என் விலாவிலும் முதுகிலும் எழுதிவிட்டார். சில்லென்று இருந்தது. வீட்டுக்கு வந்ததும் அத்தை எனக்குக் கஞ்சி ஆற்றிக் கொடுத்தாள், என் துணிகளைத் தனியாகத் துவைத்தாள், வேப்பிலையைத் தலையணைக்குக் கீழே வைத்தாள். கொப்புளம் கண்ணுக்குத் தெரிந்த வரைக்கும் நான் நோயாளியாக இருந்தேன். என்னை எல்லோரும் நன்றாகவே பார்த்துக்கொண்டார்கள்.

கொப்புளங்கள் காய்ந்து உதிர்ந்தன. வலி போகவில்லை. போகாதது மட்டுமல்ல, அதன்பிறகுதான் அது முழுசாக எழுந்து உட்கார்ந்தது. சேலைத் தலைப்பு பட்டால் எரியும். மின்விசிறிக் காற்று பட்டால் எரியும். ஈரக் கையால் சுவிட்சைத் தொட்டதுபோல் நினைத்த நேரத்தில் சுரீரென்று ஒன்று பாயும். நான் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். போர்டில் எழுதக் கையைத் தூக்கினால் ரவிக்கை மேலே ஏறி அந்த இடத்தில் உரசும். பாதிக் கணக்கில் நிறுத்திவிட்டு, கீழே விழாத சாக்பீஸைத் தேடுவதுபோலக் குனிந்து மூச்சை அடக்கிக்கொள்வேன். பிள்ளைகள் பேசாமல் இருப்பார்கள். அவர்களுக்கு என்னமோ தெரிந்திருந்தது.

வீட்டில் தெரியவில்லை. ரவிக்கையைத் தூக்கிக் காட்டினால் அங்கே லேசான தழும்பு மட்டும் இருந்தது. "ஆறிப்போன எடத்துல இனி என்னட்டி வலி?" என்றாள் அத்தை. என் கணவர் பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். எதையும் தொட்டுப் பார்த்து, மீட்டர் வைத்துப் பார்த்து முடிவு சொல்கிறவர். கெட்ட எண்ணம் கிடையாது. ஒருநாள் அவர், "மோட்டார்ல கோளாறுன்னா டெஸ்ட் லேம்ப் வச்சுப் பாத்துருவேன். ஒன் வலிய எத வச்சுப் பாக்கது?" என்று கேட்டார். உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

தென்காசியிலும் திருநெல்வேலியிலும் பார்க்காத டாக்டர் இல்லை. ஸ்கேன் எல்லாம் சுத்தமாக வந்தது. ஒருவர் டென்ஷன் என்றார். ஒருவர், மாதவிடாய் நிற்கிற வயது, அப்படித்தான் இருக்கும் என்றார். கொடுத்த மாத்திரைகளில் தூக்கம் வந்ததே தவிர வலி அசையவில்லை. கடைசியில் செங்கோட்டையிலிருந்து வரும் சக டீச்சர் ஒருத்தி, மலைக்கு அந்தப்பக்கம் கேரளாவில் வலிக்கென்றே ஒரு ஆஸ்பத்திரி இருக்கிறது, தன் அப்பாவுக்கு அங்கேதான் பார்த்தோம் என்றாள்.

அந்த டாக்டரம்மா என்னிடம் எதுவும் கேட்பதற்கு முன்பு ஒரு பஞ்சை எடுத்து இடது விலாவில் தடவினார். பிறகு வலது விலாவில் தடவினார். நான் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினேன். "பஞ்சுதான்," என்று பஞ்சை என் கணவரிடம் காட்டினார். "இது பட்டா இவங்களுக்குக் கத்தி. அக்கி போச்சு. போகும்போ நரம்பைக் கெடுத்துட்டுப் போச்சு."

"காயில்ல இன்சுலேஷன் போன மாதிரியா டாக்டர்?" என்றார் இவர்.

"அது தன்னே. அதேதான்."

"காயில்னா பிரிச்சு வேற கட்டிரலாம்," என்றார் இவர். டாக்டரம்மா சிரித்தார். இதைப் பிரித்துக் கட்ட முடியாது என்று சொன்னார்.

நரம்புக்கான வேறு மாத்திரைகளை மாதக்கணக்கில் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தார். ஒட்டும் பிளாஸ்திரி கொடுத்தார். அவற்றால் கொஞ்சம் குறைந்தது, போதவில்லை. எல்லாவற்றுக்கும் பிறகுதான் மார்ஃபின் மாத்திரைக்கு வந்தார். வருவதற்கு முன்னால் எங்கள் இருவரையும் உட்காரவைத்து நெடுநேரம் பேசினார். "வேதனை முழுசா போகாது கேட்டோ. ராத்திரி உறங்கணும், பகல்ல ஜோலிக்குப் போகணும். அதுக்கு மட்டும்தான் இது. எல்லாருக்கும் கேட்காது. கேட்கலைன்னா நிறுத்திரலாம், ஆனா கொஞ்சம் கொஞ்சமா நான்தான் நிறுத்தணும். நீங்களா கூட்டவும் கூடாது, சட்டுன்னு விடவும் கூடாது. வேற யாருக்கும் கொடுக்கக் கூடாது. பூட்டி வைக்கணும்." கூடவே மலம் போக ஒரு மருந்தும் கொடுத்து, அதை மறந்தால் இதைவிட அவஸ்தைப்படுவீர்கள் என்றார்.

முதல் வாரம் குமட்டலும் அரிப்புமாகப் போனது. பள்ளிக்கு லீவு போட்டுப் படுத்திருந்தேன். அப்புறம் ஒரு காலையில் எழுந்து பல் தேய்த்து, இட்லி ஊற்றி, அடுப்படியில் நின்றுகொண்டிருக்கும்போதுதான் கவனித்தேன், சேலைத் தலைப்பை நான் பிடித்துக்கொள்ளாமல் நிற்கிறேன் என்று. வலி இருந்தது. பக்கத்து வீட்டில் யாரோ சண்டை போட்டுக்கொள்வது சுவர் வழியாகக் கேட்பதுபோல இருந்தது. சண்டை என் வீட்டில் இல்லை. அது போதும். அன்றைக்குப் பள்ளிக்குப் போய் போர்டின் மேல்விளிம்பு வரை கையைத் தூக்கி எழுதினேன்.

ஆனால் என் கணவர் போனில் அந்த மருந்தின் பெயரைத் தேடிப் படித்துவிட்டார். "இது அபின்லேர்ந்து எடுக்குததுலா," என்று அத்தையிடம் சொன்னார். அத்தைக்கு அந்த ஒரு வார்த்தை போதும். அதற்குப் பிறகு நான் சும்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் மாத்திரை. டிவி பார்த்துச் சிரித்தால் மாத்திரை. குழம்பில் உப்பு கூடினால் மாத்திரை. டாக்டரம்மா பூட்டி வைக்கச் சொன்னது வேறு யார் கையிலும் அகப்பட்டுவிடக் கூடாது என்பதற்காக. எங்கள் வீட்டில் அது எனக்கெதிரான பூட்டாக மாறியது. பீரோ சாவி என் கணவர் இடுப்பில் இருந்தது. வேளைக்கு ஒன்றாக எடுத்து என் உள்ளங்கையில் வைப்பார். நான் விழுங்குகிற வரைக்கும் நின்று பார்ப்பார்.

இப்படி இருந்த வீட்டுக்குத்தான் அவள் வந்தாள். அவளுக்கும் அதே டாக்டரம்மா. அதே மாத்திரை, அதே அட்டை, அதே வெள்ளைக் கவர். அவள் கட்டில் பக்கத்தில் ஒரு எவர்சில்வர் தட்டில் வெற்றிலை பாக்கு மாதிரித் திறந்து கிடந்தது.

நான் மலையைத் தாண்டி பஸ்ஸில் போய்வந்தவள். புளியறை செக்போஸ்ட்டில் பஸ்ஸை நிறுத்திப் போலீஸ்காரர் ஏறும்போதெல்லாம், பையில் டாக்டர் சீட்டு இருந்தும், திருடி மாதிரி என் நெஞ்சு அடித்துக்கொள்ளும். அவளுக்குக் கார் பேசினார்கள். முன்சீட்டைச் சாய்த்துத் தலையணை வைத்தார்கள். இருவருக்கும் ஒரே நாளில் முறை வந்தபோது நான் அதே காரில் பின்னால் உட்கார்ந்து அவளுடைய பையையும் வெந்நீர் பிளாஸ்க்கையும் மடியில் வைத்துக்கொண்டு போனேன். மலைப்பாதை வளைவுகளில் என் வலது விலா கதவில் இடிக்காமலிருக்க நான் கையை ஊன்றிக்கொண்டு வந்தேன். என் கணவர் பத்து நிமிடத்துக்கு ஒருதரம் டிரைவரிடம், "மெதுவா, மெதுவா, தங்கச்சிக்குக் குலுங்குது," என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

அவளைப் பார்க்க ஆட்கள் வந்தார்கள். ராயகிரியிலிருந்து நாட்டுக்கோழி முட்டை வந்தது, சிவகிரியிலிருந்து எலுமிச்சம்பழம் வந்தது. எல்லோரும் அவள் காலடியில் உட்கார்ந்து எங்கே வலிக்கிறது, எப்படி வலிக்கிறது என்று கேட்டார்கள். என் கணவர் கடையிலிருந்து வந்ததும் நேராக அவள் அறைக்குப் போய், குத்துதா, கடுக்குதா, காலுக்கு இறங்குதா என்று விசாரிப்பார். அந்தக் கேள்விகளை நான் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். அவருக்கு இவ்வளவு கேள்விகள் தெரியும் என்பதே எனக்குப் புதிது. அவளுக்கு இரண்டு நாள் வெளிக்குப் போகவில்லை என்றால் வீடே பப்பாளிக்கும் விளக்கெண்ணெய்க்கும் ஓடியது. அதே மாத்திரையால் அதே அவஸ்தையை நான் எத்தனை மாதம் கக்கூஸ் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகப் பட்டிருக்கிறேன்.

இதில் இன்னொன்று, அவளுக்கு வேண்டியதை எல்லாம் செய்தவள் நான்தான். அத்தைக்கு முட்டி வலி, குனிய முடியாது. பள்ளிக்குப் போவதற்கு முன்பும் வந்த பின்பும் அவளை ஒருக்களித்துத் திருப்பி, துடைத்து, பவுடர் போட்டு, துணி மாற்றுவேன். கோபத்தில் கை ஒருநாளும் முரட்டுத்தனமாகப் போனதில்லை. கை நன்றாகவே வேலை செய்தது. மனசு மட்டும் உள்ளே உட்கார்ந்து பற்களைக் கடித்துக்கொண்டிருந்தது. ஒருநாள் முதுகைத் துடைக்கும்போது அவள் திரும்பி, "மைனி, ஒங்களுக்கு இங்கன சுத்தித்தான வலிக்கும்?" என்று தன் விலாவில் விரலால் கோடு இழுத்துக் காட்டினாள். சரியான இடத்தில் இழுத்தாள். அந்த வீட்டில் அதைக் கவனித்து வைத்திருந்தது அவள் ஒருத்திதான். எனக்கு அவளைப் பிடித்துப்போகாமல் இருக்க அன்று மிகவும் பாடுபட்டேன். நல்லவளாக வேறு இருக்கிறாளே என்று அதற்கும் ஆத்திரம் வந்தது.

ஆடி மாதம் மழை பேயாகப் பெய்தது. கேரளாவுக்குப் போகும் வழியில், ஆரியங்காவுப் பக்கம் மண் சரிந்து ரோடு அடைபட்டது. ரயிலும் இல்லை. அவளுக்கு மாத்திரை போன வாரம்தான் காரில் போய் வாங்கியது. எனக்கு அந்த வாரம் வாங்க வேண்டியது. பள்ளியில் பரீட்சை, வீட்டில் அவள், இரண்டுக்கும் நடுவில் நாளைக்குப் போகலாம் என்று தள்ளியிருந்தேன். காலை வேளைக்கு என் கணவர் பீரோவைத் திறந்தபோது கவர் காலியாக இருந்தது.

"ரெண்டு நாள் பொறுத்துக்கிட மாட்டியா? ரோடு சரியாயிரும்," என்றார்.

மாலைக்குள் கொட்டாவி மேல் கொட்டாவியாக வந்தது. மூக்கு ஒழுகியது. மறுநாள் காலையில் உடம்பெல்லாம் உரித்த கோழி மாதிரி மயிர்க்கூச்செறிந்து, வயிற்றைப் பிசைந்து, கக்கூஸுக்கும் கட்டிலுக்குமாக நடந்தேன். இத்தனைக்கும் மேல் அந்தப் பழைய வலி, சுவருக்கு அந்தப்பக்கம் இருந்தது, கதவை உடைத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டது. ரவிக்கையைக் கழற்றி எறிந்துவிட்டு என் கணவரின் பழைய வேட்டி ஒன்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன்.

அத்தை அறைவாசலில் நின்று பார்த்தாள். மகனைக் கூப்பிட்டாள். "பாத்தியாலே. நான் சொன்னம்லா. பழகிப்போச்சு. சரக்கு கெடைக்காத குடிகாரன் நடுங்குத மாதிரி நடுங்குதா பாரு."

என் கணவர் வந்து பார்த்தார். மறுத்துப் பேசாமல் நின்றார். அதுதான் எனக்கு வலியைவிடப் பெரிதாகப் பட்டது.

பக்கத்து அறையிலிருந்து அவள் குரல் வந்தது. அவள் சத்தம்போட்டுப் பேசக்கூடிய நிலையில் இல்லை. "எம்மா, இங்கன வா," என்றாள். அத்தை போனாள். நடுவில் கதவு திறந்துதான் இருந்தது. எல்லாம் எனக்குக் கேட்டது.

"நான் சாப்பிடுததும் அதே மாத்திரதான?"

"ஒனக்கு இருக்கது சீக்குட்டி."

"எனக்கு நாளைக்கு நிறுத்துனா எனக்கும் இப்படித்தான் நடுங்கும். டாக்டர் எங்கிட்ட அன்னைக்கே சொன்னாவ. ஒடம்பு பழகிக்கிடும், சட்டுன்னு விட்டா ஒடம்பு தேடும்னு. அதுக்கு மைனி என்ன செய்வாவ? என்னையும் குடிகாரின்னு சொல்லுவியா?"

அத்தை எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

"அண்ணே, டாக்டருக்குப் போன் போடு," என்றாள் அவள். "இப்பமே போடு."

இவர் போன் போட்டார். ஸ்பீக்கரில் டாக்டரம்மாவின் குரல் கேட்டது. முதலில் இவரைத் திட்டினார். நேற்றே ஏன் கூப்பிடவில்லை என்று கேட்டார். பிறகு தங்கையின் மாத்திரை அட்டையை எடுத்து அதில் எழுதியிருப்பதை எழுத்து எழுத்தாகப் படிக்கச் சொன்னார். இரண்டு பேருக்கும் ஒரே அளவுதான் என்று உறுதி செய்துகொண்டு, "ஒருத்தர் மருந்தை இன்னொருத்தர் எடுக்கவே கூடாது. வேற வழியில்லாததால இந்தத் தடவை மட்டும் நான் சொல்லுறேன். உங்க மனைவிக்கு வேளைக்கு ஒண்ணு, அதுக்கு மேல இல்ல. மயக்கமா இருந்தா உடனே கூப்பிடுங்க. ரோடு திறந்த அன்னிக்கே ரெண்டு பேரும் வாங்க," என்றார்.

நான் ஒரு துண்டைத் தோளில் போர்த்திக்கொண்டு அவள் அறைக்குப் போனேன். அவளே அட்டையைப் பிய்த்து ஒரு மாத்திரையை என் கையில் வைத்தாள். அவள் விரல்கள் சில்லென்று இருந்தன. விழுங்கிவிட்டு அவள் கட்டிலின் கால்மாட்டிலேயே உட்கார்ந்தேன். நன்றி சொல்லத்தான் வேண்டும். வாயில் வரவில்லை. அவள் ஒருதரம் சொன்னாள், வீடு கேட்டுக்கொண்டது. அவள் சொன்ன அதையேதான், உடம்பு பழகுவது வேறு, மனசு அலைவது வேறு என்பதை, நான் இந்த அத்தையிடமும் இந்த மனுஷரிடமும் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். நான் சொன்னபோது அது சாக்கு. அவள் சொன்னபோது அது விஷயம். மாத்திரை உள்ளே போய் வேலை செய்யத் தொடங்கிய பிறகும் அந்த எரிச்சல் மட்டும் அடங்கவில்லை.

ஆவணி கடைசியில் அவளுக்கு ஒரு ஆசை வந்தது. குற்றாலத்தில் ஒருதரம் நிற்க வேண்டும் என்றாள். அத்தை கூடாது என்றாள். டாக்டரம்மாவிடம் கேட்டதற்கு, தாராளமாகக் கூட்டிப்போங்கள், ஓரமாக நிற்கட்டும், விழாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். சீசன் கூட்டம் வடிந்திருந்தது. ஒரு புதன்கிழமை காலையில் பழைய குற்றாலத்துக்குப் போனோம்.

அங்கே போன பிறகுதான் எங்கள் மூவருக்குமே உறைத்தது. பெண்கள் பக்கத்துக்கு என் கணவர் வர முடியாது. அவளைத் தாங்கிக்கொண்டு போக நான் ஒருத்திதான். எனக்கோ சாரல் பட்டாலே ஊசி. அருவி என்பதை நான் மூன்று வருடமாகத் தூரத்திலிருந்து கேட்டிருக்கிறேன், அவ்வளவுதான்.

"நீ எப்படிப் போவ?" என்று இவர் என்னிடம் கேட்டார். நான் எப்படிப் போவேன் என்று அவர் யோசித்தது அதுதான் முதல் முறை. நான் துண்டை மடித்து வலது விலாவில் சேலைக்கு மேல் கட்டிக்கொண்டு, இடதுபக்கமாக அவளை அணைத்துக் கூட்டிப்போனேன். தண்ணீர் நூல் நூலாக விழுகிற ஓரத்துக்கு இரண்டு எட்டு முன்னாலேயே என் உடம்பு நின்றுவிட்டது. தலைநிறைய எண்ணெய் தேய்த்துக்கொண்டு நின்ற ஒரு அம்மாள் எங்களைப் பார்த்தாள். என்ன ஏது என்று கேட்கவில்லை. "இங்கன விடுங்க," என்று அவளைத் தோளோடு சேர்த்துப் பிடித்துத் தண்ணீருக்குள் கூட்டிக்கொண்டாள்.

அவள் நின்றாள். முடி கொட்டிய தலையில் தண்ணீர் விழுந்தது. தோளில் விழுந்தது. வாயைத் திறந்து மூச்சு வாங்கினாள், சிரித்தாள், மறுபடியும் வாயைத் திறந்தாள். எலும்பும் தோலுமாக இருந்த அந்த உடம்பு தண்ணீரை வாங்கிக்கொண்டது. செத்துக்கொண்டிருக்கிறவளுக்குத் தண்ணீர் தண்ணீராகவே இருக்கிறது. நான் படிக்கட்டில் ஈரத்துக்குத் தப்பி முதுகைத் திருப்பி நின்று, தோள் வழியாக அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் வாழ்க்கையில் யார்மேலும் அவ்வளவு பொறாமைப்பட்டதில்லை.

துவட்டி, துணி மாற்றி, மேலே வெயில் விழுந்த ஒரு இடத்தில் உட்காரவைத்தேன். என் கணவர் டீ வாங்கப் போயிருந்தார். அவள் உதடு நீலமாக நடுங்கியது. முகம் தெளிந்திருந்தது.

"மைனி, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கிட மாட்டியளே?"

"சொல்லு."

"ஒங்களப் பாத்தா எனக்குப் பொறாமையா இருக்கு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என்னையா? என்னத்துக்கு?"

"ஒங்களுக்கு வலிக்கும். வலிச்சுக்கிட்டே பள்ளிக்கூடம் போவிய. பொங்கலுக்குச் சேல எடுப்பிய. அண்ணங்கூட சண்ட போடுவிய. அடுத்த வருசம் ஒங்ககிட்டப் படிக்க பிள்ளய பாஸாயி முட்டாயி கொண்டு வரும். அம்புட்டும் இருக்கு ஒங்களுக்கு. நீங்க ஒங்க வலியத் தாரேன்னு சொன்னா நான் ரெண்டு கையாலயும் வாங்கிக்கிடுவேன். என்னத நீங்க வாங்குவியளா?"

மாட்டேன் என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது.

அந்த நேரத்தில் எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். முதலில் வந்தது அதுவல்ல. இவளால் இதை இவ்வளவு லேசாக வாய்விட்டுச் சொல்ல முடிகிறதே, எனக்கு முடியவில்லையே என்றுதான் வந்தது. பிறகு நானும் சொன்னேன். "எனக்கும் ஒன்னப் பாத்தா அப்படித்தான் இருக்கு. நீ வந்ததுலேர்ந்து."

"தெரியும்," என்றாள். "மத்த ஆளுக எல்லாம் என்னப் பாடையப் பாக்க மாதிரி பாக்காவ. நீங்க ஒரு ஆளுதான் எங்கிட்ட என்னமோ இருக்க மாதிரி பாத்திய. எனக்கு அது நல்லா இருந்துச்சு மைனி."

இவர் டீயோடு வந்தார். எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். என்ன பேசினோம் என்று கேட்கவில்லை. மூவரும் டீ குடித்தோம். அவளுக்கு நான் டம்ளரைப் பிடித்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அவள் அதிக நாள் இல்லை. ஐப்பசியில் மாத்திரை விழுங்க முடியாமல் போனது. டாக்டரம்மா மருந்தின் அளவையும் கொடுக்கும் முறையையும் மாற்றினார். பக்கத்தில் ஒரு நர்ஸை ஏற்பாடு செய்து ஊசியாகப் போடவைத்தார். கடைசி வாரத்தில் அவள் முகத்தில் வலியின் சுளிப்பு இல்லை. அவள் கணவர் லீவு கிடைத்து வந்து சேர்ந்தார். அவர் வந்து மூன்றாம் நாள் காலையில், அத்தை அவள் தலையைத் தடவிக்கொண்டிருக்கும்போது, அடங்கிவிட்டாள். நான் அப்போது அவளுடைய துணிகளை மொட்டைமாடியில் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். கீழே அத்தையின் குரல் கேட்டதும் எனக்குப் புரிந்துவிட்டது. கையிலிருந்த நைட்டியை உதறிக் கொடியில் போட்டுவிட்டுத்தான் இறங்கினேன்.

காரியம் முடிந்த பிறகு மிச்சமிருந்த அவளுடைய மருந்தைத் திருப்பிக் கொடுக்க மலைக்கு அந்தப்பக்கம் போனோம். நானும் இவரும், பஸ்ஸில். மிச்ச மருந்தை வீட்டில் வைத்திருக்கக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். இவர் கவரை மேஜையில் வைத்துவிட்டு துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். டாக்டரம்மா அவர் தோளில் தட்டிக்கொடுத்தார். பிறகு என்னைப் பார்த்து, இவ்வளவு நாள் நோயாளியைத் தூக்கி இறக்கியது உங்கள் உடம்புக்குச் சும்மா போகவில்லை, ஓய்வெடுங்கள், அதற்குப் பிறகு இந்த மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் பார்க்கலாம் என்றார். அப்படியேதான் நடந்தது. அடுத்து வந்த மாதங்களில் வேறு நரம்பு மருந்தையும் சேர்த்து, இதைப் படிப்படியாகக் குறைத்தார். இப்போது மிகக் குறைந்த அளவில் இருக்கிறேன். வலி அப்படியே இருக்கிறது, கொஞ்சம் வயதாகியிருக்கிறது. வேலைக்குப் போகிறேன்.

அன்று திரும்பி வரும்போது பஸ்ஸில் காற்று படாமல் ஷட்டரை இறக்கிவிட்டு ஜன்னல் பக்கம் என்னை உட்காரச் சொன்னார். இடது விலா அவர் பக்கம் வருகிற மாதிரி பார்த்து உட்காரவைத்தார். மலை இறங்கத் தொடங்கியதும், முன்சீட்டுக் கம்பியைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"ஒனக்கு எப்படி வலிக்கும்? குத்துமா, எரியுமா?"

"ரெண்டும்."

"எது மொத வரும்?"

எரிச்சல்தான் முதலில் என்றேன். எந்த நேரத்தில் கூடும் என்று கேட்டார். சொன்னேன். படுத்தால் எந்தப் பக்கம் தேவலை என்று கேட்டார். அவர் அவளிடம் கேட்டுப் பழகிய கேள்விகள் அவை. அதே வரிசை, அதே தணிந்த குரல். இந்தக் கேள்விகளை அவர் என்னைப் பார்த்துக் கேட்கிறாரா, இல்லை கேட்பதற்கு இனி ஆள் இல்லாததால் கேட்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. அந்த நிலையிலும் அது என்னை உறுத்தியது.

இருந்தாலும் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன். செங்கோட்டை வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தேன்.